கொல்லையில் புதைத்த கம்பி

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் 1924 இல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தோற்றுவித்ததும், பணமுடையால் 1927 இல் அது நின்றுபோனதும், அதன் யந்திரத்தைப் பெற்ற நகரசபை 1930 இல் ஒலிபரப்பைத் தொடர்ந்ததும், 1938 ஜூன் 16 இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்ததும் சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டன. கேட்டவர்கள் கொல்லையில் புதைத்த எர்த்துக் கம்பிக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

அந்தக் கம்பியின் அருமை தெரிய வேண்டுமானால் தூரத்து ஊர்களைப் பார்க்க வேண்டும். 1960 ஏப்ரல் 1 இல் சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்த பள்ளிப்பட்டுப் பிரதேசம், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் எல்லைச் சீமை. சென்னை நிலையமோ இரு பாஷைகளிலும் ஒலிபரப்பியது. ஆனால் சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் கடந்து வரும் அலை மெலிந்தே வருமாதலால், வால்வு ரேடியோவுக்கு உயரமான ஏரியல் மட்டும் போதாது. ஏரியலில் எழும் நுண்ணிய மின்னோட்டம் சுற்றை முடித்துக்கொள்ள ஈர மண்ணும் வேண்டும். குழி தோண்டி, செப்புத் தகட்டையோ இரும்புக் குழாயையோ நட்டு, கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிவர வேண்டியது சாஸ்திரம். ஊரார் பார்க்கும் ஏரியலுக்குக் கிடைத்த சிரத்தை, எவர் கண்ணிலும் படாத இந்தக் குழிக்குக் கிடைப்பது அபூர்வம் என்பது என் அபிப்பிராயம். பெரைட்டுக் கோலையே ஏரியலாக உள்ளடக்கிய டிரான்ஸிஸ்டர் வந்ததும் குழிக்கு வேலையே இல்லாமற்போயிற்று.

குழியே தோண்ட முடியாத இடம் ஒன்றுண்டு: ஆகாயம். தாஞ்செலிஸ் என்பவர் தாமே திட்டமிட்டு, சிம்ப்ஸன் கம்பெனிப் பட்டறையில் கட்டுவித்த விமானத்தைச் சென்னையில் பறக்கவிட்ட அதே 1910 இல், ஆகஸ்டு மாதம், அமெரிக்காவில் மக்கர்டி என்ற விமானி பறந்துகொண்டே கம்பியில்லாத் தந்தி அனுப்பினார். மரமும் துணியுமான அக்கால விமானங்களில் மண்ணுக்குப் பதிலாக நின்றது எஞ்சினும் இழுவைக் கம்பிகளுமாகிய உலோகப் பகுதிதான். அவற்றை ஒன்றோடொன்று இறுகப் பிணைக்காவிடில், இடைவெளியில் பொறி தெறித்துப் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும் அபாயமும் இருந்தது.

வீட்டிலேயே விமானம் கட்டும் இன்றைய ஆர்வலர்களும், மர உடலாயின், ஆண்டெனாவின் அடியில் செப்புத் தகடு ஒட்டுகிறார்கள். ரேடியோவின் திரும்பு கம்பியைக் கண்ட இடத்தில் இணைக்காமல், மற்றக் கம்பிகளெல்லாம் கூடும் ஒரே முனையில் கொண்டுபோய் முடுக்குகிறார்கள். இல்லாவிட்டால் எஞ்சின் வேகம் ஏற ஏற, ஆல்டர்னேட்டரின் ரீங்காரமும் விமானியின் காதில் ஸ்தாயி ஏறிக்கொண்டே போகும்.