துலா வைத்த எல்லை

சுற்றுச்சூழலும் நிலைபேறான அபிவிருத்தியும் இன்று பல்கலைக்கழகப் பாடங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அப்பாடங்களின் முதல் அத்தியாயம் அனலைதீவுத் தோட்டக் கிணறாக இருக்கவேண்டும் என்பேன். ஆறில்லாத தீவு அது. மாரி மழை நிலத்தில் இறங்கி உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. கணக்குப்படி நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால் அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும். புகையிலைக்கு இறைக்கையில் ஒருவர் துலா எனும் ஏற்றமரத்தை மிதிப்பார், ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார், இன்னொருவர் பாத்திக்குத் தண்ணீர் மாறுவார். ஆளின் களைப்பே இறைப்புக்கு எல்லை. கிணறு ஊறவும் நேரம் கிடைத்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்ததும் அந்த எல்லை போயிற்று.

அந்த எல்லை அறிவால் வந்ததல்ல, வசதியின்மையால்தான் வந்தது என்று சிலர் மறுக்கலாம். பாதி உண்மை, துலா மிதித்தவரின் உடல்நோவைப் போற்ற நான் தயாரில்லை. ஆனால் பாடு குறைந்தபோது அளவும் சேர்ந்து போனது, ஆராயவேண்டியது அதைத்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான சூரிய, காற்று மின்திட்டம் 2024இல் ஒப்பந்தமானது. வரவேற்கவேண்டிய திட்டம். ஆனால் தடையற்ற மின்சாரம் நீரிறைக்கும் மோட்டரையும் தடையின்றி ஓடவைக்கும். கிணறுகளின் உவர்ப்பை மாதந்தோறும் அளக்க மாணவரை இப்போதே அனுப்புங்கள்.