செக்ரோல் புத்தகமும் குடியுரிமைத் தாளும்

கோலசிலாங்கூர் தொடங்கி, ஈஜோக், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை வரை பரந்து கிடக்கும் வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ரப்பரையும் செம்பனையையும் பற்றியே எழுதுகின்றனர். 1917ஆம் ஆண்டில் ஹென்றி போகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. அத்தோட்டத்தின் பெயர் தமிழ்ப்பெயர். அந்த மண்ணில் உழைத்தோருள் சிலர் இந்நாட்டின் குடிமக்களானதும், சிலர் ஆகாமலே நின்றுவிட்டதும் எவ்வாறு என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுவது.

1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது. அதன்பின் கங்காணி முறையில் வந்தவர்களே மிகுதி. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அவ்வரவு ஏறியும் இறங்கியும் தொடர்ந்தது. ரப்பர் விலை ஏறினால் ஆளைக் கொணர்வர். விழுந்தால் கப்பலேற்றி அனுப்புவர். ஆகவே இவர்களை இந்நாட்டார் என எண்ணும் வழக்கம் அன்றைய ஆட்சிக்கு இல்லை. கிராணி எழுதும் செக்ரோல் புத்தகத்தில் பெயர் இருந்தால் ஆள் உண்டு, இல்லையேல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் மூண்டபோது, அதன் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வழக்காடித் தண்டிப்பதைவிடக் கப்பலேற்றுவது எளிது. குடியுரிமை என்பது வெறும் தாள் என்று நினைப்போர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளல் நன்று.

1946இன் மலாயன் யூனியன் தாராளமான குடியுரிமையை அறிவித்தது. மலாய் மக்களின் கடும் எதிர்ப்பால் அது நிலைக்கவில்லை. 1948இன் கூட்டரசு உடன்படிக்கை, வெளிநாட்டில் பிறந்து இங்கு விண்ணப்பிப்போர் முந்திய 20 ஆண்டுகளில் 15 ஆண்டு இங்கு வாழ்ந்திருக்கவேண்டும் என்றது. மலாய் அல்லது ஆங்கிலம் அறிந்திருக்கவும் வேண்டும். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியவன் பதினைந்தாண்டு வாழ்வை எதைக்கொண்டு மெய்ப்பிப்பான்? லயத்தில் பேசியது தமிழ். பள்ளியிற் பயின்றதும் தமிழ்.

உண்மையில் கதவு அகலத் திறந்தது 1957இல்தான். மெர்டேக்கா நாளன்றோ அதன்பின்னோ இங்குப் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்றது அரசியலமைப்பு. (1962இல் இவ்விதி சுருங்கி, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று.) அதற்கு முன் இங்குப் பிறந்தோர், முந்திய ஏழாண்டுகளில் ஐந்தாண்டு வாழ்ந்திருந்தால் பதிந்துகொள்ளலாம், ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மொழித் தேர்வும் இல்லை. அந்த ஓராண்டு, தோட்ட மக்களின் வரலாற்றில் பொன்னான ஆண்டு. எனினும் எல்லாரும் அதைப் பற்றிக்கொள்ளவில்லை. விண்ணப்பம் எழுதித்தர ஆள் வேண்டும். பட்டணம் போக ஒருநாட் கூலியை இழக்கவேண்டும். தோட்டத்து மருத்துவச்சியின் கையிற் பிறந்தோர் பலருக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. ஊரில் காணி வாங்கிப் போய்விடலாம் என்ற கனவும் பலரைத் தடுத்தது. அறியாமை என்று இதை ஒரே சொல்லால் ஒதுக்குவோருடன் யாம் உடன்படோம். அரை நூற்றாண்டாக 'நீ திரும்பிப் போகிறவன்' என்று சொல்லப்பட்டவன் அதை நம்பியதில் வியப்பென்ன?

விளைவு 1969இல் தெரிந்தது. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதார் வேலை செய்யப் பெர்மிட் பெறவேண்டியதாயிற்று. சிவப்பு அடையாளக் கார்டு என்ற சொல் லயங்களில் அச்சத்தோடு ஒலித்தது. பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். 'ரஜூலா' கப்பலில் ஏறியவர்களுள் தமிழகத்தை முன்பின் கண்டிராதோரும் இருந்தனர் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

இலங்கை 1948இல் சட்டம் இயற்றி மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. இங்கு அவ்வாறு உரிமை பறிக்கப்படவில்லை. சட்டம் கேட்ட சான்று ஏழையின் கையில் இல்லை, அவ்வளவே. ஆனால் அந்த இன்மை மரபுரிமை போல் பிள்ளைக்கும் இறங்குகின்றது. 1976இன் திருமணச் சட்டம் 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபின், கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் வேண்டும். பதியாத மணத்திற் பிறந்த குழந்தையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது. தாய்க்கு ஆவணம் இல்லையெனில், தந்தையிடம் நீலக் கார்டு இருந்தும் பயனில்லை. முதலாம் ஆண்டு மாணவரைச் சேர்க்கும் காலத்தில் தலைமையாசிரியர் மேசைக்கு வரும் சிக்கல்களுள் இதுவே கடினமானது. பிள்ளை நன்றாக எழுதும், படிக்கும். பத்திரத்தில் மட்டும் 'குடியுரிமை இல்லாதவர்' என்றிருக்கும்.

தோட்டங்கள் கைமாறியபோது செக்ரோல் புத்தகங்கள் பெரும்பாலும் அழிந்தன. கறையான் தின்றது போக எஞ்சியது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடே. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் படித்ததற்குச் சான்று கேட்டு முதியோர் இன்றும் பள்ளிக்கு வருகின்றனர். பழைய ஆசிரியர் எவரோ மைக்கூட்டுப் பேனாவால் எழுதிவைத்த ஒரு வரியைப் பெயர்த்தெழுதி முத்திரையிட்டுத் தருகின்றோம். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், நிரந்தரவாசிகளின் பிள்ளைகள் பிறப்பாலேயே குடிமக்களாகும் வழியை நீக்குகின்றது. சிவப்புக் கார்டு வைத்திருக்கும் தோட்டத்து இளம் பெற்றோர்க்கு அச்செய்தி இன்னும் முழுமையாக எட்டவில்லை.