வெப்பம் நடக்கும் வேகம்

சித்திரை வெயிலில் கோவில்பட்டிக் கரிசலில் வெறுங்காலுடன் நடந்தவர் அதன் சூட்டை மறவார். ஆயினும் வெடிப்பில்லாத ஓரிடத்தில் இரண்டடி ஆழத்தில் வெப்பமானியைப் புதைத்து வைத்தால், பகலென்றும் இரவென்றும் வேற்றுமை காட்டாது. வெப்பம் அவ்வளவு மெல்ல நடக்கிறது. அந்நடைக்குக் கணக்கு வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியர். அவருடைய நூல் 1822-இல் வெளிவந்தது. 1861-இல் சுவீடன் நாட்டு ஆங்ஸ்ட்ராம், உலோகக் கம்பியின் ஒரு முனையை மாறி மாறிச் சூடாக்கியும் குளிர்வித்தும் அவ்வேகத்தை அளந்தார். பகலும் இரவும் மண்ணுக்குச் செய்வதை அவர் கம்பிக்குச் செய்தார் எனலாம்.

இவ்வரிசையில் நம் பக்கத்தவர் ஒருவரும் உண்டு. கரிசலுக்கு மேற்கே மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனே அவர். இராமனுடன் ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர் என்ற அளவில் நாம் அவரை அறிவோம். டில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் தலைவராய் இருந்தபோது, ஜெயின் என்ற ஆய்வாளருடன் அவர் செய்த வேலையைப் பலர் அறியார். வெற்றிடத்தில் மெல்லிய கம்பியை மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சினால், நடுப்பகுதி ஒரே சூட்டில் நிற்கும். முனைகளை நோக்கிச் சூடு தணியும். அத்தணிவின் வடிவத்தை ஆராய்ந்து, கதிர்வீச்சாய்த் தப்பும் வெப்பத்தையும் கணக்கினுள் அடக்கினர். இலண்டன் ராயல் சொசைட்டி 1954-இல் அதை வெளியிட்டது.

கம்பிக்கு இது பொருந்தும். பிளாஸ்டிக் படலத்துக்கு என்ன செய்வது? வெப்பமானியே படலத்தைவிடத் தடிப்பாயிற்றே! கிருஷ்ணன் மறைந்த 1961-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பார்க்கரும் தோழர்களும் ஒரு வழி கண்டனர். பொருளின் ஒரு முகத்தில் கணநேர ஒளியைப் பாய்ச்சுக. மறுமுகம் அடையும் முழுச் சூட்டேற்றத்தில் பாதியை எட்டும் நேரத்தைக் குறிக்க. தடிப்பின் வர்க்கத்தை 0.139-ஆல் பெருக்கி, அந்நேரத்தால் வகுத்தால் வெப்பம் பரவும் அளவு கிடைக்கும். ஒளி ஊடுருவும் படலமாயின் கரிப்பூச்சு வேண்டும்.

0.1 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் படலத்தில் அந்நேரம் ஏறத்தாழ ஒரு வினாடியில் எழுபதில் ஒரு பங்கு. அதே தடிப்புள்ள செம்பில் அதனினும் ஆயிரத்தில் ஒரு பங்கு. தடிப்பு இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும். படலத்தின் கணநேரமும் கரிசலின் நீண்ட தாமதமும் ஒரே விதிக்குட்பட்டவை.

‘பிளாஸ்டிக் வெப்பத்தை எளிதில் கடத்தாது’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் பாடம் பாதியில் நின்றுவிடும். எவ்வளவு மெதுவாகக் கடத்துகிறது என்று மாணவன் கேட்க வேண்டும். அக்கேள்வியைக் கேட்டு விடை கண்டவருள் ஒருவர் வத்திராயிருப்புக்காரர் என்பதையும் அவன் அறிய வேண்டும்.