இரண்டே கால் வருடம் கழித்து வந்த நோ பார்க்கிங் சலான்

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்த நேரத்தில் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி. என் காருக்கு 500 ரூபாய் அபராதம். குற்றம்: நோ பார்க்கிங். தேதியைப் பார்த்தால் 2023 ஜூன்! மோசடிச் செய்தி என்றுதான் முதலில் நினைத்தேன். இப்படி வரும் லிங்க்கைத் தொட்டுப் பணம் இழந்த கதைகள் நம் வாட்ஸ்அப் குழுவில் ஏராளம். எனவே லிங்க்கைத் தொடாமல், அரசின் பரிவாஹன் தளத்தில் நானே வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்தேன். சலான் நிஜம்தான்.

இரண்டே கால் வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை மதியம் என் கார் எங்கே நின்றது? யாருக்கு நினைவிருக்கும்? இந்தக் கேள்வி சட்டம் எழுதியவர்களுக்கும் வந்திருக்குமே என்று தேடினேன். 120 வருடத்துக்கு முன்பே வந்திருக்கிறது.

பிரிட்டனில் 1903-ல் வந்த மோட்டார் கார் சட்டம், வேகமாக ஓட்டியதாக ஒருவர் மேல் வழக்குப் போட வேண்டுமானால் அந்த இடத்திலேயே எச்சரிக்க வேண்டும், இல்லையேல் 21 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றது. 1930-ல் அது 14 நாளாகக் குறைந்தது. நம் நாட்டின் 1988 மோட்டார் வாகனச் சட்டத்திலும் 209-வது பிரிவாக அதே 14 நாள் இருக்கிறது. நாள் கடந்தால் மனிதனுக்கு மறந்துபோகும், தன் பக்கத்தைச் சொல்ல முடியாது என்பதுதான் காரணம்.

ஆனால் அந்தப் பிரிவு வேகத்துக்கும் அபாயகரமாக ஓட்டுவதற்கும் மட்டும்தான். பார்க்கிங் அதில் இல்லை. தேவைப்பட்டிருக்காது என்பது என் ஊகம். ஓடும் வண்டிதான் கண்ணில் படாமல் போய்விடும். நிற்கும் வண்டியின் வைப்பரில் சீட்டைச் செருகிவிடலாம். உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலையில் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் வைக்கப்பட்டது. அதில் முதலில் மாட்டியவர் ஒரு பாதிரியார் என்றும், சில்லறை மாற்றக் கடைக்குப் போயிருந்தேன் என்று சொல்லித் தப்பினார் என்றும் சொல்வார்கள். உடனே தெரிந்ததால்தான் அவரால் காரணம் சொல்ல முடிந்தது.

நம் ஊரிலும் ரசீதுப் புத்தகக் காலத்தில் தாமதம் என்ற பேச்சே இல்லை. ஸ்பாட் ஃபைன் கட்டினால் அன்றே முடிந்தது. கட்டுவது என்றால் சட்டப்படி குற்றத்தை ஒப்புக்கொண்டு சமரசம் ஆவது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. கட்டாவிட்டால் கோர்ட்.

கோர்ட்டுக்கும் காலக்கெடு உண்டு. 1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பொதுவான கெடு எதுவும் இல்லை. 1974 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், அபராதம் மட்டுமே தண்டனையான குற்றங்களுக்கு 6 மாதம் என்று வைத்தது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் 514-வது பிரிவில் அதையே சொல்கிறது. "ஆறு மாசம் ஆச்சுன்னா செல்லாது சார்" என்று நம் பி பிளாக் நண்பர் அடித்துச் சொன்னது இதை வைத்துத்தான். அது பாதி உண்மை. புகார் தாக்கலான நாளைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது (அது சென்னையில் தொடங்கிய வழக்கு). 6 மாதத்துக்குள் கோர்ட்டில் தாக்கலாகியிருந்தால், நமக்குத் தாமதமாகத் தெரிந்தது மட்டும் போதாது. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

கேமராவும் இ-சலானும் வந்த பிறகு வைப்பர் சீட்டு போய்விட்டது. படம் எடுத்த நாள் ஒன்று, நமக்குத் தெரியும் நாள் வேறொன்று. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ சேர்க்கப்பட்டது. மின்னணுக் கருவியில் பதிவான குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், சலான் முடியும்வரை பதிவை வைத்திருக்க வேண்டும் என்றது அது. 1903-ன் பழைய நியாயம்தான், ஆனால் இந்த முறை பட்டியலில் பார்க்கிங்கும் இடம்பெற்றது. கண்காணிப்புக் கேமரா, உடலில் அணியும் கேமரா எல்லாம் அதில் உண்டு. காவலரின் கைப்பேசி என்று தனியாக எழுதவில்லை. வக்கீல்கள் வாதாடுவதற்கு அங்கே இடம் இருக்கிறது.

இவ்வளவையும் குறித்துக்கொண்டு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கட்டிடுங்க சார், 500 ரூபாதானே" என்றார்கள். கட்டவில்லை. வீட்டுக்கு வந்து சலானில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு மருத்துவமனை வாசலில் வெள்ளைக் கார், நம்பர் பிளேட்டில் சேறு. கடைசி இலக்கம் 8, என்னுடையது 3.

சேற்றுப் படம் மட்டும் போதுமா என்று சந்தேகம். நம் செயலாளரிடம் கேட்டதில், பம்ப் ரூம் அலமாரியில் பழைய கேட் ரிஜிஸ்டர்கள் கிடந்தன. அன்று என் வண்டி காலை 9:10-க்கு வெளியே போய் 11:40-க்கு உள்ளே வந்திருக்கிறது. பிறகு இரவு வரை வெளியே போகவில்லை. சலானில் இருந்த நேரம் மதியம் 2:25. எழுதி வைத்த செக்யூரிட்டி இப்போது இங்கே வேலையில் இல்லை. இருந்திருந்தால் ஒரு காபியாவது வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அந்தப் பக்கத்தின் நகல், பெரிதாக்கிய படம், என் காரின் படம் மூன்றையும் இணைத்து மனு கொடுத்தேன். காலக்கெடு பற்றி ஒரே ஒரு பத்தி. இந்த முறை அதிகாரி ரிஜிஸ்டர் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். ஐந்து வாரம் கழித்துத் தளத்தில் பார்த்தபோது சலானைக் காணவில்லை. பதில் கடிதம் எதுவும் வரவில்லை.

வரும் பொதுக்குழுவில், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட கேட் ரிஜிஸ்டர்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடும் தீர்மானம் இருக்கிறது. மூன்று வருடம் வைத்திருக்கலாம் என்று திருத்தம் கொடுத்திருக்கிறேன். அலமாரியில் இடம் இல்லை என்கிறார் பொருளாளர். இரண்டு மர ரேக்குகள் என் வீட்டில் சும்மா இருக்கின்றன, தருகிறேன்.