அல்வால் வழிப் பாதையும் பொருந்தாத கொக்கிகளும்

இந்திய இருப்புப்பாதை வரலாறு பெரும்பாலும் எத்தனை மைல் போடப்பட்டது என்ற கணக்காகவே எழுதப்படுகிறது. இரு பாதைகள் சந்தித்த இடத்தில் என்ன நேர்ந்தது என்பது அதனினும் முதன்மையான வினா. ஐதராபாத்தின் வடபுறத்தில், செகந்திராபாத்துக்கும் பொலாரத்துக்கும் இடையே அல்வால் வழியாகச் செல்லும் பாதை இதற்குத் தக்க சான்று.

வாடியிலிருந்து செகந்திராபாத் வரையிலான நிஜாம் அரசின் இருப்புப்பாதை 1874இல் திறக்கப்பட்டது. அது 1676 மி.மீ. அகலப்பாதை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பின், அல்வால், அவுரங்காபாத் வழியாக மன்மாடு வரை போடப்பட்ட ஐதராபாத்–கோதாவரிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதையோ 1000 மி.மீ. மீட்டர் பாதை. மன்மாட்டில் அது சந்தித்த ஜி.ஐ.பி. பாதையும் அகலப்பாதையே. ஆக, இரு முனையிலும் அகலப்பாதை. நடுவே மீட்டர் பாதை.

இப்பிளவின் வேர் 1870களின் தொடக்கத்தில், மேயோ பிரபுவின் ஆட்சியில் இருக்கிறது. செலவைக் குறைக்கக் குறுகிய பாதை வேண்டும் என்று அன்றைய அரசு முடிவு செய்தது. மெட்ரிக் அளவை விரைவில் நடைமுறைக்கு வரும் என்ற எதிர்பார்ப்பில் ஒரு மீட்டர் என்று அகலம் குறிக்கப்பட்டது. மெட்ரிக் அளவைச் சட்டம் இந்தியாவில் நிறைவேறியதோ 1956இல். அடியும் அங்குலமும் ஆண்ட நாட்டில் ‘மீட்டர்’ என்ற சொல், அளவைச் சட்டத்துக்குப் பல்லாண்டுகள் முன்பே தண்டவாளத்தின் பெயராக வழங்கிற்று.

வேற்றுமை சக்கரங்களுக்கு அடியில் மட்டும் இல்லை. அகலப்பாதைப் பெட்டிகளின் முனையில் இரு பக்கமும் பஃபர்கள், நடுவே கொக்கியும் திருகுச் சங்கிலியும் இருந்தன. மீட்டர் பாதைப் பெட்டிகளில் நடுவில் ஒரே பஃபர். எதிர்ப்பெட்டியின் மேல் விழுந்து பற்றும் கொக்கி அதனுடனேயே அமைந்திருந்தது. ஒன்றை மற்றொன்றோடு நேரே பூட்ட இயலாது.

கொக்கி வேற்றுமைக்கு மாற்றுவழி உண்டு. பிற்காலத்தில் அகலப்பாதையில் மைய கப்ளர் புகுந்தபோது, அதனோடு திருகுச் சங்கிலியையும் ஏற்கும் இடைமாற்றுக் கப்ளர்கள் பயன்பட்டன. அமெரிக்கப் பெரிய பிக்கப் லாரிகளின் பின்புறத்தில் இழுவண்டியைப் பூட்டும் சதுரக் குழாய்கள் 2, 2.5, 3 அங்குலம் என வேறுபடுகின்றன. உறை செருகி அங்கும் பொருத்திவிடுகிறார்கள். ஆனால் இரண்டிடத்தும் விதி ஒன்றே: இழுக்கும் வலிமை, இணைப்பிலுள்ள மிக மெலிந்த உறுப்பின் வலிமையைத் தாண்டாது. 3 அங்குலக் குழாயில் 2 அங்குலக் கொக்கியைச் செருகினால், பெரிய குழாயின் முழுத் திறன் கிட்டாது.

தண்டவாள அகலத்துக்கோ இத்தகைய எளிய உறை இல்லை. ஒரு பாதையின் பெட்டி மற்றதன்மேல் ஓடாது. மூன்றாம் தண்டவாளம் பதிக்கலாம். நெடும்பாதை முழுதும் அது பெருஞ்செலவு. எஞ்சியது மனித முதுகு. ஒரு பெட்டியிலிருந்து மூட்டையை இறக்கி மறுபெட்டியில் ஏற்றிய கூலித் தொழிலாளரே இரு அகலங்களையும் இணைத்த கருவி. பாதை போடுகையில் மிச்சமான பணம், ஒவ்வொரு மூட்டைக்கும் ஏற்றுகூலியாகவும் தாமதமாகவும் சிதைவாகவும் தவணை தவணையாகச் செலவாயிற்று. முதலீட்டுக் கணக்கில் சேமிப்பு தெரிந்தது; சுமையோ வணிகர் தலையிலும் தொழிலாளர் தோளிலும் விழுந்தது.

1992இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தின் தொடர்ச்சியாக அல்வால் வழிப் பாதையும் அகலப்பாதையாயிற்று. இன்று அவ்வழியே பயணம் செய்வோர்க்குப் பழைய பிளவு தெரியாது. எனினும் ஆய்வாளர் கேட்கவேண்டிய வினா மாறவில்லை: இரு முறைமைகள் பொருந்தாதபோது, இடைவெளியை நிரப்பும் செலவை யார் தலையில் வைக்கிறோம்? இருப்புப்பாதை ஆவணங்களைப் படிக்கும் மாணவர்கள் மைல் கணக்கோடு நின்றுவிடாமல், சரக்கு மாற்றும் களங்களின் கூலிக் கணக்கையும் தேடிப் படிக்க வேண்டும்.