லடோகா: உறைந்த நீரின் மேல் ஒரு பாதை

மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியையும், மூடுபனியையும், வானத்திலிருந்து உதிரும் வெண்பனியையும் தமிழில் 'பனி' என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்குப் பெயரிட்ட மரபுக்கு, வண்டிச் சக்கரத்தை விழுங்கும் பனியோடு பழக்கமில்லை. அந்தப் பனியை நம்மில் பலர் முதலில் கண்டது மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த ரஷ்ய நூல்களின் மொழிபெயர்ப்புகளில்தான். பூ. சோமசுந்தரத்தின் தமிழில் 'உண்மை மனிதனின் கதை' படித்தவர்கள், கால்கள் சிதைந்த நிலையில் பனிக்காட்டினூடே தவழ்ந்து செல்லும் விமானியை மறந்திருக்க மாட்டார்கள். அந்நூல்கள் நமக்குக் கற்பித்த வீரம் பாய்ந்து செல்வது, திரும்பிப் பாராதது. அதே போரில், அதே பனியில், நிதானமாகச் சென்றவன் பிழைத்தான், விரைந்தவன் மூழ்கினான் என்று ஒரு கதையும் உண்டு. லடோகா ஏரியின் மேல் லாரி ஓட்டியவர்களின் கதை அது.

1941 செப்டம்பர் 8 அன்று ஷ்லிஸ்ஸெல்பர்க் நகரம் ஜெர்மானியர் வசமானதும் லெனின்கிராடுக்குச் செல்லும் தரைவழிகள் எல்லாம் அடைபட்டன. வடக்கே ஃபின்லாந்துப் படை நின்றது. கிழக்கே எஞ்சியிருந்தது ஐரோப்பாவின் மிகப்பெரிய ஏரியான லடோகா. இலையுதிர்காலம் முழுவதும் படகுகளிலும் தெப்பங்களிலும் கொஞ்சம் தானியம் வந்துகொண்டிருந்தது. நவம்பரில் நீர் உறையத் தொடங்கியபோது அதுவும் நின்றது. படகு செல்ல இயலாத அளவுக்குப் பனிக்கட்டி, ஆனால் வண்டி செல்லும் அளவுக்கு அது தடிக்கவில்லை. நவம்பர் 8 அன்று, ரயில் பாதையின் முக்கியச் சந்திப்பான திக்வினும் வீழ்ந்தது. நவம்பர் 20 முதல் ரொட்டிப் பங்கீடு தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 250 கிராம். அலுவலர், குழந்தைகள், பிறரைச் சார்ந்து வாழ்வோர் எல்லோருக்கும் 125 கிராம். அந்த 125 கிராமிலும் பருத்திப் பிண்ணாக்கும் மரக்கூழும் கலந்திருந்தன.

நகரின் உணவு நிர்வாகத்துக்கு அனுப்பப்பட்டிருந்த திமித்ரி பாவ்லோவ் பின்னாளில் எழுதிய நூலில் ஒரு சிறு கணக்கு வருகிறது. ஒரு குதிரை மட்டும் நடக்க 10 சென்டிமீட்டர் பனிக்கட்டி வேண்டும். ஒரு டன் சுமையோடு சறுக்குவண்டி இழுக்க 18. ஒரு டன் ஏற்றிய லாரிக்கு 20. ஒரு நகரத்தின் உயிர் அந்த நாட்களில் இந்த எண்களுக்கு இடையில் ஊசலாடியது. நவம்பர் 17 அன்று லெப்டினன்ட் சொகொலோவின் தலைமையில் ஒரு சிறு குழு, கழிகளால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே ஏரியின் மேல் நடந்து வழி குறித்தது. அடுத்துச் சென்றவை குதிரைகள். அவையும் பட்டினி கிடந்தவைதாம். 21ஆம் தேதி அவை 63 டன் மாவோடு திரும்பின. பங்கீட்டை இவ்வளவு சுருக்கிய பிறகும் நகரத்துக்கு ஒரு நாளைக்கு 500 டன்னுக்குச் சற்று மேல் மாவு தேவைப்பட்டது.

நவம்பர் 22 அன்று பொர்ச்சுனோவ் என்ற அதிகாரியின் கீழ் 60 லாரிகள் ஏரியில் இறங்கின. மறுநாள் திரும்பியபோது அவை கொண்டுவந்தது 33 டன். அறுபதால் வகுத்துப் பார்த்தால் வண்டிக்கு அரை டன்னைச் சற்றுத் தாண்டுகிறது. ஒன்றரை டன் சுமக்கும் வண்டியில் மூன்றில் ஒரு பங்குதான் ஏற்றினார்கள். சில வண்டிகளின் பின்னால் சறுக்குப் பலகைகளைக் கட்டி மூட்டைகளை அவற்றில் பரப்பியிருந்தார்கள். எடையை ஓரிடத்தில் குவிக்காதிருப்பது முதல் பாடம்.

அந்த வண்டியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அதன் பெயர் காஸ்-ஏஏ. ரஷ்யர்கள் செல்லமாகப் 'பொலுதோர்க்கா', அதாவது ஒன்றரை டன்காரி, என்று அழைத்தார்கள். இன்றைய கண்ணுக்கு லாரி என்பதைவிடப் பெரிய பிக்கப் வண்டி என்றே தோன்றும். ரஷ்யப் பனியின் அடையாளமாகிவிட்ட இதன் தாய்வீடு அமெரிக்கா. 1929இல் ஃபோர்ட் நிறுவனத்தோடு சோவியத் அரசு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, நீழ்னி நோவ்கொரோத் நகரில் எழுந்த ஆலையில் 1932 முதல் ஃபோர்ட் ஏஏ வண்டியே சோவியத் பெயரில் வெளிவந்தது. நான்கு சிலிண்டர், நாற்பது குதிரைத்திறன். (இதே போரில் கொலோன் நகரத்து ஃபோர்ட் ஆலை ஜெர்மன் ராணுவத்துக்கு லாரி செய்துகொண்டிருந்தது. வணிகத்தின் நடுநிலைமையை வியப்பதா நோவதா என்று தெரியவில்லை.)

கணக்கில் எழுபது கிலோமீட்டர் வேகம் வரை போகக்கூடிய வண்டி. ஓட்டுநர் இருக்கையில் வெப்பமூட்டும் வசதி கிடையாது. குளிரில் இறுகிய என்ஜினை முன்னால் நின்று கைப்பிடி சுழற்றி உயிர்ப்பிக்க வேண்டும். அணைத்துவிட்டால் மீண்டும் கிளம்புமா என்ற உறுதியில்லை. ஆகவே முடிந்தவரை அணைப்பதில்லை. ரேடியேட்டர் நீர் உறைந்தால் எல்லாம் முடிந்தது. கதவுகளைக் கழற்றிவிட்டு, அல்லது திறந்தபடியே கட்டிவைத்துவிட்டு ஓட்டினார்கள். பனிக்கட்டி உடைந்தால் வெளியே குதிக்க ஓரிரு நொடிகளே கிடைக்கும். அந்த ஓரிரு நொடிகளுக்காகப் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது பாகைக் காற்று முகத்தில் அறைய, ஏரியின் மேல் சுமார் முப்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். உறக்கத்தை விரட்டத் தலைக்குப் பின்னால் தகரப் பாத்திரத்தைத் தொங்கவிட்டு அது மோதி ஒலிக்கும்படி வைத்தவர்கள் உண்டென்று சொல்வார்கள்.

பனியே அங்கே நண்பனும் பகைவனுமாய் இருந்தது. பனிக்கட்டியின் மேல் விழும் வெண்பனி ஒரு கம்பளிப் போர்வை. அது மேலே கிடக்கும்வரை கீழேயுள்ள கட்டிக்குக் குளிர் சரியாகச் சேர்வதில்லை, தடிப்பதும் தாமதமாகிறது. பாதையை வாரித் துப்புரவாக வைத்தால் வண்டி சிக்காமல் போகும், கட்டியும் வலுப்படும். ஆனால் ஒரு இரவுப் புயல் எல்லாவற்றையும் மூடிவிடும். கம்புகள் நட்டுக் குறித்த வழியும் மறையும். ஆகவே வழிநெடுகச் சைகை காட்டுவோர், பலரும் இளம்பெண்கள், அரிக்கன் விளக்கோடு வெட்டவெளியில் நின்றார்கள். ஓட்டுநரின் வீரத்தைப் பாடிய அளவுக்கு யாரும் இவர்களைப் பாடவில்லை.

முதல் வாரத்தில் ஏறத்தாழ நாற்பது லாரிகள் மூழ்கின என்று பாவ்லோவ் எழுதுகிறார். மெல்லிய கட்டி, குண்டுவீச்சு, விரிசல் ஆகியவை கண்ணுக்குத் தெரிந்த காரணங்கள். பின்னர் கட்டி நன்கு தடித்த பிறகும் வண்டிகள் மூழ்கியதுதான் புதிராக இருந்தது. அதைவிட விந்தை ஒன்றும் சொல்லப்படுகிறது. மாவு மூட்டைகளோடு நகரை நோக்கி வந்த கனத்த வண்டிகள் தப்பின. நோயாளிகளையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு நகரை விட்டுச் சென்ற இலகுவான வண்டிகள் உடைந்து விழுந்தன.

லெனின்கிராட் இயற்பியல்-தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த பாவெல் கொபேகோவும் நாவும் ரெய்னோவும் இதை ஆராய முன்வந்தார்கள். பட்டினியால் மெலிந்த அறிவியலாளர்கள் அவர்கள். கட்டியின் வளைவைத் தானே பதிவு செய்யும் கருவியொன்றை ரெய்னோவ் வடிவமைத்தார். அதை ஏரியில் நட்டுவைத்துக் கிடைத்த விடை எளியது. வண்டியின் எடையில் கட்டி சற்றுக் கீழே வளைகிறது. அந்த வளைவு வண்டியோடு கூடவே நகர்ந்து, அடியிலுள்ள நீரில் ஓர் அலையை எழுப்புகிறது. அலைக்கென்று ஒரு வேகம் உண்டு, அதை நீரின் ஆழம் தீர்மானிக்கிறது. பத்து மீட்டர் ஆழமென்றால் மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர். ஏரியின் தென்பகுதி அவ்வளவு ஆழமற்ற நீர்தான். வண்டியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானால் வளைவு பெருகிப் பெருகிக் கட்டி பிளக்கிறது. அவர்கள் கண்ட ஆபத்தான வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் அளவு. கனத்த வண்டி அந்த வேகத்தை எட்டவில்லை, அதனால் பிழைத்தது. இலகுவான வண்டி எட்டியது. குளிரில் விறைக்கும் குழந்தைகளைச் சீக்கிரம் கரைசேர்க்க எண்ணியவனின் இரக்கமே அவர்களை நீருக்கடியில் அனுப்பியது.

இதிலிருந்து விதிகள் பிறந்தன. இன்ன வேகத்துக்கு மேல் கூடாது. வண்டிகளுக்கிடையே தூரம் விட வேண்டும். ஒன்றையொன்று முந்தக் கூடாது. விதி எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். ஏரி நிதானத்தைக் கேட்டது, நகரமோ அவசரத்தைக் கேட்டது. 1942 ஜனவரி 5 அன்று லெனின்கிராட் கட்சித் தலைவர் ஷ்தானோவ் பாதை மோசமாக வேலை செய்கிறது, தேவையில் மூன்றிலொரு பங்குகூட வரவில்லை என்று ஓட்டுநர்களுக்குக் கண்டிப்பான கடிதம் எழுதினார். நாளொன்றுக்கு இரண்டு நடை என்பது இலக்கானது. ஒரே ஓட்டுநர் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வண்டியில் இருந்தார். அவரும் பட்டினியில் பாதி உடலாகிவிட்டவர். அவருக்குப் பின்னால் மாவு மூட்டை. திருட்டு நடந்தது. பிடிபட்டவர்களுக்குத் தண்டனை கடுமையானது, மரணதண்டனையும் உண்டு. சோவியத் காலத்து வீரக்கதைகள் இதைப் பெரும்பாலும் தொடாமல் கடந்தன. அதைச் சொல்வதால் ஓட்டுநர் சிறுமைப்படுவார் என்று நாம் கருதவில்லை. திருடாமல் ஓட்டியவருக்கும் அதே பசிதான்.

ஒல்கா பெர்க்கோல்ட்ஸின் 'லெனின்கிராட் கவிதை' (1942) இந்த ஓட்டுநர்களில் ஒருவரை நிரந்தரமாக்கியது. என்ஜின் நின்றுவிடுகிறது, விறைத்த விரல்கள் அசைய மறுக்கின்றன. அவர் கைகளைப் பெட்ரோலில் நனைத்துத் தீமூட்டி, அந்தச் சூட்டில் என்ஜினைச் சீராக்குகிறார். முற்றுகை நாட்களில் வானொலியில் நகரின் குரலாக இருந்தவர் பெர்க்கோல்ட்ஸ். கணவரை 1942 ஜனவரியில் பறிகொடுத்தவர், அதற்கு முன் 1938இல் இதே அரசால் சிறையில் அடைக்கப்பட்டவரும்கூட. வீரத்தைப் பாடுமாறு பணிக்கப்பட்ட காலத்தில் அவர் தேர்ந்தெடுத்த காட்சி பாய்ச்சலல்ல, நின்றுவிட்ட வண்டி என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

டிசம்பர் 9 அன்று திக்வின் மீட்கப்பட்ட பின் ரயில் ஏரிக்கு அருகே வரத் தொடங்கியது. டிசம்பர் 25 அன்று பங்கீடு முதன்முறையாக உயர்ந்தது: தொழிலாளர்க்கு 350 கிராம், மற்றவர்க்கு 200. ஆயினும் ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான் சாவு உச்சத்தைத் தொட்டது. உயிர்ப்பாதை என்று பெயர்பெற்ற அந்த வழியைச் சாவுப்பாதை என்று அழைத்தவர்களும் நகரத்தில் இருந்தார்கள். ஏப்ரலில் கட்டியின் மேல் நீர் தேங்கி, வண்டிகள் அச்சளவு நீரில் நீந்துவதுபோலப் போயின. ஏப்ரல் 24 வரை பாதை இயங்கியது. அந்த ஒரு குளிர்காலத்தில் 3,61,000 டன் சரக்கு உள்ளே வந்தது, அதில் உணவு 2,62,000 டன். ஐந்தரை லட்சம் மக்கள் வெளியேறினார்கள். முற்றுகை முழுமையாக நீங்க 1944 ஜனவரி 27 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போருக்குப் பின் இந்த நினைவே ஐயத்துக்குரியதானது. 'லெனின்கிராட் வழக்கு' என்ற பெயரில் முற்றுகைக்கால நகரத் தலைவர்களான குஸ்னெத்சோவும் பொப்கோவும் 1950இல் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். முற்றுகையை நினைவுகூர்ந்த அருங்காட்சியகம் 1949இல் மூடப்பட்டு, பின்னர் கலைக்கப்பட்டது. தலைநகரின் ஆணையைவிடத் தன் உயிர்ப்பை நம்பிய நகரம் ஸ்டாலினுக்கு உவப்பானதாக இல்லை.

1966இல்தான் ஏரியின் மேற்குக் கரையில், லாரிகள் இறங்கிய இடத்தில், கொன்ஸ்தந்தின் சிமூன் வடித்த 'உடைந்த வளையம்' எழுந்தது. ஒன்றோடொன்று சேராத இரண்டு அரைவளைவுகள், இடையே ஒரு திறப்பு. அதில் ஓட்டுநரின் சிலை இல்லை. வளைவுகளின் கீழே காங்கிரீட்டில் அழுந்திய சக்கரத் தடங்கள் மட்டும் நீரை நோக்கிச் செல்கின்றன. எதிர்க்கரையில் கோபோனா. இடைப்பட்ட ஏரியடியிலிருந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் முக்குளிப்போர் பொலுதோர்க்காக்களை மேலே கொண்டுவந்தார்கள்.