சவுதார் குளத்து வழக்கு

செம்பூரில் நம் வீட்டுக் குழாய் நம் குலத்தை வினவுவதில்லை. ஆனால், பொது நீருக்காகப் பத்தாண்டு வழக்காடியவர் பம்பாய் வழக்கறிஞர் டாக்டர் அம்பேத்கர்.

பொதுக் குளங்கள் எல்லார்க்கும் உரியன என்று பம்பாய்ச் சட்டசபை 1923-இல் தீர்மானித்தது. மகாட் நகராட்சியும் அதனை ஏற்றது. ஆயினும் அவ்வூர்ச் சவுதார் குளம் தாழ்த்தப்பட்டோர்க்குத் திறக்கவில்லை. 1927 மார்ச் 20-ஆம் நாள் அம்பேத்கர் திரளான மக்களுடன் சென்று அந்நீரைப் பருகினார். மேற்சாதியார் சிலர், குளம் தமக்கே உரியதென்று வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றனர். டிசம்பரில் மீண்டும் மக்கள் திரண்டனர். நீதிமன்றத்தை நம்பிய அம்பேத்கர், அவர்களை நீரைத் தொடாமலே திரும்பச் செய்தார்.

1937 மார்ச் 17-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: விலக்கிவைக்கும் அவ்வழக்கம் தொன்றுதொட்டது என மெய்ப்பிக்கப்படவில்லை!

‘இது பழைய வழக்கம்’ என்று எவரையேனும் எவரும் விலக்கினால், ‘எத்துணைப் பழையது, சான்று யாது?’ என்று வினவும் துணிவை அவ்வழக்கு நமக்கு விட்டுச் சென்றது.